கொரியக் கல்வெட்டு படிக்கப் போகிறீர்களா? டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கொரியத் தொடர்கள் பார்த்து மொழி கற்க வருகிறவர்கள் நம்மில் ஏராளம். அதில் கல்லெழுத்துப் பக்கம் ஒதுங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்; அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழில் இதற்கு வழிகாட்ட எதுவும் அகப்படாமல் கொரியத் தளங்களிலும் ஜப்பானியத் தளங்களிலும் மாறி மாறி முட்டிக்கொண்டு தெரிந்துகொண்டவை இவை. வரலாறு சொல்லப்போவதில்லை. எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் வேண்டும், எதற்கு என்ன தாள் கேட்பார்கள், எங்கே நாள் இழுக்கும், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஓராண்டு வேலை முழுவதையும் வீட்டில் உட்கார்ந்தபடி, ஏறக்குறைய இலவசமாகவே முடிக்கலாம். கல்லைப் பார்க்கும் ஆசையில் அவசரப்பட்டுப் போய் நின்றால், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கல் தெரியும், ஓர் எழுத்தும் தெரியாது.

1. மொழி: கொரியம் மட்டும் போதாது

ஹாங்குல் எழுத்து வந்ததே 15ஆம் நூற்றாண்டில். அதற்கு முந்தைய கற்கள் எல்லாம் சீன எழுத்தில்தான். ஆகவே கல்லைப் படிக்கச் செவ்வியல் சீனம் வேண்டும் (கொரியர்கள் ஹான்முன் என்பார்கள்). அந்தக் கல்லைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதைப் படிக்கக் கொரியம் வேண்டும். இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். கொரியப் பள்ளிகளுக்கென்று வகுத்த 1,800 அடிப்படைச் சீன எழுத்துகளின் பட்டியல் ஒன்று உண்டு, அதுதான் நல்ல முதல் படி. ஒவ்வோர் எழுத்தையும் கொரிய உச்சரிப்போடு மனப்பாடம் செய்யுங்கள். ஏற்கெனவே மாண்டரின் தெரிந்தவர்கள் அந்த உச்சரிப்பிலேயே ஓட்டிவிடலாம் என்று பார்ப்பார்கள். தேடுபொறியில் ஒன்றும் கிடைக்காது, அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

தோபிக் என்ற கொரிய மொழித் தேர்வு பற்றி: ஆய்வுக் கட்டுரையைத் தட்டுத்தடுமாறிப் படிக்கவே 4ஆம் நிலை அளவுக்கு மொழி வேண்டும் என்பது என் கணிப்பு. ஆனால் சான்றிதழ் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று பார்த்து, அதற்கு முந்தைய ஆண்டில் எழுதுங்கள். ஆர்வத்தில் முன்கூட்டியே எழுதினால் மறுபடி கட்டணம் கட்டி எழுத நேரும்.

2. சின்னக் கல்லில் தொடங்குங்கள்

எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது, கொகுர்யோ என்ற பழைய கொரிய அரசை ஆண்ட குவாங்கெத்தோ மன்னனின் கல். 414இல் நட்டது, 6.39 மீட்டர் உயரம், நான்கு பக்கமும் எழுத்து, மொத்தம் ஏறத்தாழ 1,775. இப்போது இருப்பது கொரியாவில் அல்ல, சீனாவின் ஜீஆனில். அதில் உள்ள ஒரு வரிக்காக மூன்று நாட்டு அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்க வேண்டாம்.

நான் சொல்வது கியோங்ஜு அருங்காட்சியகத்தில் உள்ள இம்சின் உறுதிமொழிக் கல். 1934இல் கியோங்ஜுவில் கிடைத்தது. ஓரடிக்குச் சற்றே கூடுதலான நீளம், ஐந்து வரி, 74 எழுத்து. இரண்டு இளைஞர்கள் வானத்தின் முன் சூளுரைக்கிறார்கள்: மூன்று ஆண்டுகளுக்கு நேர்மை தவற மாட்டோம், தவறினால் பெரும் பாவம் எங்களைச் சேரட்டும். கடைசியில், இன்னின்ன நூல்களை மூன்றாண்டில் கற்று முடிப்போம் என்று முந்தைய ஆண்டில் செய்த சத்தியத்தையும் குறித்து வைக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் போல!

நமக்கு இந்தக் கல்லில் ஒரு வசதி இருக்கிறது. எழுத்து சீனம், ஆனால் சொற்கள் நிற்கும் வரிசை கொரியம். 'வானம், முன், சூளுரை', 'இன்று, முதல், மூன்று ஆண்டு, பின்' என்று அப்படியே தமிழ் வாக்கியம் போல ஓடும். சீன இலக்கணம் ஊறியவர்கள் திணறும் இடத்தில் நாம் சுலபமாகப் போய்விடலாம். சில்லா என்ற பழைய கொரிய அரசின் காலத்துக் கற்களில் இந்த வழக்கம் வேறு சிலவற்றிலும் உண்டு. பின்னாளில் இதூ என்ற எழுத்துமுறையாக அது வளர்ந்தது, அதற்குத் தனியாக அகராதிகள் இருக்கின்றன.

பொறி இதில் ஆண்டுக்கணக்குதான். 'இம்சின்' என்பது 60 ஆண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டின் பெயர், நம் பிரபவ, விபவ மாதிரியே. அது 552ஆகவும் இருக்கலாம், 612ஆகவும் இருக்கலாம். இணையத்தில் ஏதாவது ஓர் ஆண்டை உறுதியாகப் போட்டிருந்தால் அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அது யாருடைய கணிப்பு என்று பாருங்கள்.

இன்னொரு பொறி, நம்மவர்களுக்கென்றே இருப்பது. அயுத்த நாட்டிலிருந்து (இந்தியாவில் இருந்தது என்பார்கள்) கடல் கடந்து போய்க் கொரிய அரசியானதாகச் சொல்லப்படும் இளவரசி ஹோ ஹ்வாங்-ஒக்கின் கதையைக் கேட்டுத்தான் பலர் இந்தத் துறைக்கே வருகிறார்கள். கிம்ஹேயில் அவர் கல்லறை முன்னால் உள்ள எழுத்துக்கல்லைப் படமெடுத்து 'பழங்காலச் சான்று' என்று பகிர்வார்கள். அந்தக் கல்லை நட்டது 1647இல். கதை வருவது 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான சாம்குக் யூசாவில். கல் யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவருடைய காலம் வேறு, கல்லை வெட்டிய காலம் வேறு. இந்த இரண்டையும் உங்கள் குறிப்பேட்டில் தனித்தனிப் பத்தியாகப் போட்டு வையுங்கள்.

3. தரவுத்தளங்கள்: காசு வேண்டாம், பொறுமை வேண்டும்

மூன்று இடங்கள் போதும். கொரிய தேசிய வரலாற்றுத் தொகுப்பு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் பழங்காலக் கல்வெட்டுகளின் வாசகம், மொழிபெயர்ப்பு, ஒரே எழுத்தை யார் யார் எப்படிப் படித்தார்கள் என்ற வேறுபாடு எல்லாம் கிடைக்கும். தேசியப் பண்பாட்டு மரபு ஆய்வு நிறுவனத்தின் கல்வெட்டுப் படத்தளத்தில் மைப்படிகளின் (கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த நகல்களின்) படங்கள். அருங்காட்சியகங்களின் பொதுத்தளமான ஈ-மியூசியத்தில் பெரிய அளவுப் படங்கள். கட்டுரைகளுக்கு ரிஸ், கேசிஐ என்ற இரண்டு தளங்கள். நிறைய கட்டுரைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

தேடும்போது ஆங்கில எழுத்தில் பெயரைத் தட்டாதீர்கள், ஹாங்குலிலோ சீன எழுத்திலோ தட்டுங்கள். கற்களின் அதிகாரப்பூர்வப் பெயர்களும் மாறியிருக்கின்றன. 1979இல் கண்டெடுத்த ஜுங்வொன் கொகுர்யோ கல்லுக்கு இப்போது சுங்ஜு கொகுர்யோ கல் என்று பெயர். பழைய பெயரிலும் தேடினால்தான் 1980களின் கட்டுரைகள் வரும். தேசியப் புதையல் எண் போட்டுக் குறிப்பிடும் வழக்கத்தை 2021இல் விட்டுவிட்டார்கள். 2024இல் இவற்றைக் கவனிக்கும் அரசுத் துறையின் பெயரே தேசிய மரபுச் சேவை என்று மாறியது, அதனால் பழைய இணைப்புகள் சில எங்கும் போகாது.

பணம் கட்டும் தளங்களிலும் புத்தகக் கடைகளிலும் கொரியக் கைப்பேசி எண் வழியாக ஆள் அடையாளம் கேட்பார்கள். வெளிநாட்டு எண் எடுபடாது. இதற்காகக் குறுக்குவழி தேடி நாளை வீணாக்க வேண்டாம், வெளிநாட்டவருக்கான பதிவுப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அங்குள்ள நண்பர் ஒருவரை வாங்கி அனுப்பச் சொல்வதுதான் வழி.

4. மைப்படியின் ஜாதகத்தைக் கேளுங்கள்

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், அதிகம் பேர் தாண்டிக்கொண்டு போவதும் இதைத்தான். மைப்படி என்பது கல் அல்ல. ஒருவர், ஒரு நாளில், ஒரு தாளை வைத்து, தனக்குத் தெரிந்த அளவில் எடுத்த படி. ஆகவே எழுத்தைப் பார்க்கும் முன்பே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். எப்போது எடுத்தது? எந்தப் பக்கம்? முழுத் தாளா, வெட்டி ஏடாக ஒட்டியதா? அப்போது கல் எந்த நிலையில் இருந்தது?

குவாங்கெத்தோ கல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் படிகளில் மூன்று வகை உண்டு. முதல் வகை மைப்படியே அல்ல. எழுத்தின் ஓரத்தைக் கோடாக வரைந்து சுற்றிலும் மை நிரப்பியது. 1883இல் ஜப்பானியப் படை அதிகாரி ஒருவர் கொண்டுபோனது இந்த வகைதான். இரண்டாவது, கல்லின் மேல் நேரடியாக எடுத்த மூலப்படி, மிக அரிது. மூன்றாவது சுண்ணாம்புப் படி: கல்லின் மேற்பரப்பு கரடுமுரடு, படி சுத்தமாக வராது, ஆனால் வாங்க ஆள் வரிசையில் நின்றார்கள், எனவே அங்கே படியெடுத்து விற்றவர்கள் சுண்ணாம்பைப் பூசிக் குழிகளை நிரப்பி, எழுத்தையும் 'திருத்தி' எடுத்தார்கள். சுண்ணாம்பு பூசியது ஜப்பானியப் படை என்று 1972இல் கிளம்பிய குற்றச்சாட்டும், இல்லை, உள்ளூர் ஆட்கள்தான் என்று 1984இல் வந்த சீன ஆய்வும் பெரிய கதை. நமக்கு வேண்டியது கண்ணில் தெரியும் அடையாளம். சுண்ணாம்புப் படியில் பின்னணி சீரான கறுப்பு, எழுத்துக் கோடுகள் பளிச்சென்று வெள்ளை. மூலப்படியில் பின்னணி திட்டுத்திட்டாக இருக்கும், விரிசல் எழுத்தின் நடுவே ஓடும், சின்னச் சின்னத் தாள்களை ஒட்டிய தையல் தெரியும். பார்க்க அழகாக இருக்கிற படியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வெட்டி ஏடாக ஒட்டிய படிகளில் வேறொரு தொல்லை. படிக்க வசதி, ஆனால் எந்த எழுத்து எந்த வரியில் எத்தனையாவது என்ற தகவல் போய்விடும். எழுத்தில்லாத வெற்றிடத்தை வெட்டி எறிந்திருந்தால் அதுவும் தெரியாது. முழுத்தாள் படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏட்டைப் படிக்க வேண்டும்.

பக்கக் கணக்கையும் பாருங்கள். போஹாங் நெங்சு-ரி கல்லில் (503, கிடைத்தது 1989) முன்பக்கம், பின்பக்கம், தலைப்பகுதி மூன்றிலும் எழுத்து உண்டு. பழைய புத்தகங்களில் ஒரே ஒரு படம் போட்டிருந்தால் மிச்சம் எங்கே என்று தேடுங்கள்.

5. உங்கள் சொந்த வாசிப்பை எழுதுங்கள்

மற்றவர் வாசிப்பைப் பார்ப்பதற்கு முன்பே. கட்டம் போட்ட தாளில் கல்லின் வரி அமைப்பை அப்படியே வைத்து எழுத்துகளை நிரப்புங்கள். தெரியாத இடத்தில் வெறும் கட்டம், ஊகத்துக்குச் சதுர அடைப்பு, இதுதான் அங்கு வழக்கம். தெரிந்த சொற்றொடர் போலிருக்கிறது என்று நிரப்பிவிடக் கூடாது. கிம் ஜொங்-ஹி என்ற கொரிய அறிஞர் 1816இல் சியோலை ஒட்டிய புகான் மலைக் கல்லின் படியை எடுத்துப் பார்த்துத்தான் அது சில்லா மன்னன் ஜின்ஹுங்கின் கல் என்று கண்டுபிடித்தார். அதுவரை அதை ஒரு துறவியின் கல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுவருடம் திரும்பப் போய் 68 எழுத்துகளை மட்டும் உறுதி செய்தார். அதற்கு மேல் தள்ளிக்கொண்டு போகவில்லை. அந்த அடக்கம் போதும்.

மாற்று வடிவ எழுத்துகளுக்கென்று உள்ள அகராதி இணையத்திலேயே உண்டு, அது இல்லாமல் உட்காராதீர்கள். சில்லாவுக்கு அடுத்து வந்த கொர்யோ அரசின் காலக் கல்லானால், மன்னர் பெயரில் உள்ள எழுத்தைத் தவிர்க்கும் வழக்கத்தையும் பாருங்கள்: வீரத்தைக் குறிக்கும் 'மூ' என்ற எழுத்து இரண்டாம் மன்னரின் பெயர் என்பதால் அதற்குப் பதில் புலியைக் குறிக்கும் 'ஹோ' வரும். தெரியாவிட்டால் வீரன் வர வேண்டிய இடத்தில் புலி ஏன் வந்தது என்று ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிவீர்கள். தெரிந்தால் அதுவே கல்லின் காலத்துக்கு ஒரு துப்பு.

6. இப்போது போகலாம்: விசா, பருவம், செலவு

இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். குறுகிய காலப் பயணத்துக்கு வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வேலை செய்யும் இடத்தின் கடிதம், பயணத் திட்டம் ஆகியவை கேட்பார்கள். நோக்கம் என்ற இடத்தில் 'அருங்காட்சியகம் பார்த்தல்' என்று எளிதாக எழுதுங்கள். 'ஆராய்ச்சி' என்று எழுதினால் யார் அழைத்தார்கள், அழைப்புக் கடிதம் எங்கே என்று கேள்வி வரும். நிஜமாகவே ஒரு நிறுவனம் அழைத்திருந்தால் மட்டும் அதை எழுதி, கடிதத்தை இணையுங்கள்.

ஜூன் கடைசி முதல் ஜூலை வரை மழைக்காலம், வெளியில் நிற்கும் கற்களுக்குப் போக உதவாது. சுசோக் (அறுவடைத் திருநாள்), சொல்லால் (சந்திரப் புத்தாண்டு) ஆகிய பண்டிகை நாட்களில் அருங்காட்சியகங்களை மூடுவார்கள், ரயிலிலும் இடம் கிடைக்காது. அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரை மிக நல்லது: வெயில் சாய்ந்து விழும், எழுத்து நிழல் கட்டும்.

சியோலிலும் கியோங்ஜுவிலும் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. சியோலிலிருந்து கியோங்ஜுவுக்கு வேகரயிலில் ஏறக்குறைய 50,000 வோன், இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். நிலையம் ஊருக்கு வெளியே, அங்கிருந்து பேருந்து. புகான் மலைக் கல்லின் அசல் சியோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மலை உச்சியில் நிற்பது நகல். மலை ஏறிவிட்டு ஏமாறாதீர்கள். அசலின் முன் நிற்கும்போது பக்கவாட்டுக்குப் போய்ப் பாருங்கள், கிம் ஜொங்-ஹி தான் வந்து படித்ததை அங்கே வெட்டி வைத்திருக்கிறார். முன்பக்க மைப்படியை எத்தனை முறை பார்த்தாலும் அது கிடைக்காது.

நெங்சு-ரி கல் போஹாங்கின் சின்கவாங் வட்டார அலுவலக வளாகத்தில் ஒரு கூரையின் கீழ் நிற்கிறது. சாங்ன்யோங் கல் (561) பூங்காவில். உல்ஜின் போங்ப்யோங் கல்லுக்கென்றே கட்டிய காட்சிக்கூடத்தில் மற்ற பழங்கற்களின் நகல்களையும் முழு அளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு ஒரே நாளில் நிறைய கிடைக்கும் இடம் அதுதான். குவாங்கெத்தோ கல்லுக்கும் ஜீஆன் போக வேண்டாம், சியோல் போர் நினைவகத்திலும் சொனான் விடுதலை மண்டபத்திலும் அதே உயர நகல் உண்டு.

கையில் ஒரு சின்ன டார்ச். பக்கவாட்டில், கல்லின் பரப்போடு படுத்தாற்போல் ஒளி விட வேண்டும். ஆனால் அருங்காட்சியகத்துக்குள் இதைச் செய்யாதீர்கள். வெளியில் உள்ள கல்லிலும் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

7. கிடங்கில் உள்ள மைப்படியைப் பார்க்க

காட்சியில் இல்லாத பழைய படிகள் நூலகங்களிலும் பல்கலைக்கழக அருங்காட்சியகங்களிலும் உள்ளன. சுங்க்யுங்க்வான் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் மைப்படித் தொகுப்பு பெயர்பெற்றது. விண்ணப்பத்தில் இவை இருக்க வேண்டும்: பொருள் எண் (கல்லின் பெயர் மட்டும் போதாது, ஒரே கல்லுக்குப் பல படிகள் இருக்கும்), எதற்காக, ஏன் படம் போதாமல் அசலே வேண்டும், இரண்டு மூன்று தேதிகள், கடவுச்சீட்டு நகல், உங்கள் கல்லூரியின் அல்லது வழிகாட்டியின் கடிதம். கொரியத்தில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தது இரண்டு மாதம் முன்னால் அனுப்புங்கள்.

'ஏன் அசல்' என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லாவிட்டால் படத்தைப் பாருங்கள் என்று நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள். தாளின் தையல், பின்பக்கக் குறிப்பு, முத்திரை, இவற்றில் ஒன்றுக்காக என்று எழுதினால் எடுபடும். ஓரிடத்தில் என் மின்னஞ்சல்கள் பதிலே இல்லாமல் கிடந்தன. கொரிய நண்பர் ஒருவர் போன் செய்து கேட்டதும் மறுநாளே விண்ணப்பப் படிவம் வந்து விழுந்தது. அஞ்சலுக்கு ஒரு வாரம் பொறுங்கள், பிறகு யாரையாவது பேசச் சொல்லுங்கள்.

8. நீங்களே மைப்படி எடுக்க

அசல் கல்லில் கை வைக்காதீர்கள். நாட்டின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கல்லில் மைப்படி எடுக்கத் தேசிய மரபுச் சேவையின் அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். புதியவர்களுக்கு அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருமுறையாவது கையால் எடுத்துப் பார்த்தால்தான் அடுத்தவர் எடுத்த படியின் பிழைகள் புரியும். நகல் கல்லிலும் வீட்டில் ஒரு செதுக்கிய பலகையிலும் பழகலாம்.

தேவை: ஹான்ஜி என்ற கொரிய மரபுத் தாள், மென்மையான தூரிகை, துண்டு, நீர் தெளிப்பான், மைக்கட்டி, பஞ்சைத் துணியில் கட்டிய உருண்டை இரண்டு. சியோல் இன்சாதொங் கடைகளில் எல்லாம் கிடைக்கும். கையால் செய்த ஹான்ஜி ஒரு தாள் சில ஆயிரம் வோன், பழகுவதற்கு இயந்திரத் தாளே போதும். நம் ஊரில் கல்வெட்டுப் பயிலரங்கில் மைப்படி எடுத்தவர்களுக்கு முறை புதிதாக இருக்காது: தாளை நனைத்து ஒட்டி, எழுத்துக் குழிக்குள் படிய வைத்து, மேலே மை ஒற்றுவது.

எல்லாமே ஈரத்தில்தான் இருக்கிறது. நனைந்த தாள் முதலில் கண்ணாடி போலக் கல்லின் நிறத்தைக் காட்டும். காயக் காய வெளுக்கும். முழுக்க வெளுத்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில் மையைத் தொடங்க வேண்டும். அதற்கு முன் தொட்டால் மை தாளைத் தாண்டிக் கல்லுக்கு இறங்கும், பிறகு தாமதித்தால் தாள் ஓரம் கிளம்பிவிடும். ஒரு உருண்டையில் மை எடுத்து மற்றதோடு தட்டிப் பரப்பி, வீண் தாளில் ஒற்றிப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்லப் பல சுற்று. ஒரே சுற்றில் கறுப்பாக்க நினைத்தால் மெல்லிய கோடுகள் மூழ்கிவிடும்.

9. பட்டப்படிப்பாகவே எடுக்க விரும்பினால்

கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகை இருக்கிறது. முதுகலைக்கான அறிவிப்பு வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் வரும், வயது 40க்குள். முதல் ஓராண்டு மொழிப் பயிற்சி. தோபிக் 5ஆம் நிலை கையில் இருந்தால் அது தேவையில்லை. நாளைத் தின்பது அப்போஸ்டில் முத்திரைதான், அதாவது நம் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லும்படி போடும் உறுதி முத்திரை. சான்றிதழை மாநில அரசுத் துறை முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம். அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் எட்டாது, முந்தைய நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். மாணவர் விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும், தூதரகம் குறிப்பிடும் மருத்துவமனையில் எடுத்தது.

10. படத்தை வெளியிடவும், பழைய படியை வாங்கவும்

அரசுத் தளப் படங்களில் 'கொங்கொங்நூரி' என்ற உரிமக் குறி இருக்கும். 1ஆம் வகைக்குப் பெயர் குறிப்பிட்டால் போதும். 2இல் வணிகப் பயன்பாடு கூடாது. 3இல் மாற்றம் கூடாது. 4இல் இரண்டும் கூடாது. நாம் மாட்டுவது 3லும் 4லும்தான், ஏனென்றால் ஓர் எழுத்தை மட்டும் வெட்டிக் காட்டுவதையும் வெளிச்சம் கூட்டுவதையும் மாற்றம் என்று சொல்ல இடமுண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள், கட்டுரை அச்சுக்குப் போகும் வாரத்தில் அல்ல.

பழைய படி விற்பனைக்கு என்று யாராவது காட்டினால், 4ஆம் பகுதியில் சொன்ன கேள்விகளை எல்லாம் கேளுங்கள். நகலிலிருந்து எடுத்த படி, அச்சிட்ட படி எல்லாம் சந்தையில் தாராளம். அசல் என்றாலும் சிக்கல்தான்: பழம்பொருள் என்று கருதினால் கொரியாவிலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் இதற்கென்றே உள்ள மதிப்பீட்டு அலுவலகத்தில் காட்டி, பண்பாட்டுச் சொத்து அல்ல என்ற உறுதிச்சீட்டு வாங்க வேண்டும். அலுவலக நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், இரவு விமானம் என்றால் பகலிலேயே போய்விடுங்கள். கடைக்காரர் தந்த ரசீதையும் சுருளோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போட்டு உள்ளே அனுப்பிவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.